நடந்தால் கால் கடுக்கிறது... ஸ்க்ரூ வைத்துத்தான் ஆக வேண்டுமா?

இடுப்புப் பகுதியில் தண்டுவடப் பாதை சுருங்கி நரம்பு நெருக்கப்படுவது பற்றி மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

என் அம்மாவுக்கு 66 வயது. வயல் வேலை பார்த்தவர். குனிந்து நாற்று நடும்போது ஒன்றும் தெரியாது. நிமிர்ந்து வரப்பில் நடந்தால் பத்து நிமிடத்தில் இரண்டு காலும் கடுத்து மதமதத்துப் போகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 இடத்தில் (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில்) கடுமையான சுருக்கம், எலும்பு 5 மி.மீ. முன்னால் நகர்ந்திருக்கிறது என்று இருக்கிறது. ஒரு டாக்டர் அடைப்பை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் நாலு ஸ்க்ரூ, ராடு, கேஜ் (டிஸ்க் இருந்த இடத்தில் வைக்கும் சிறு கூண்டு) வைக்காமல் தொடக்கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, மேலூர்

இரண்டு டாக்டர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: நரம்பைச் சுற்றியுள்ள நெரிசலை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்த மூட்டு தானாக நிற்குமா, ஸ்க்ரூ வைத்துப் பிடிக்க வேண்டுமா என்பதில்தான் வேறுபடுகிறார்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

முதலில் நெரிசல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். நரம்புகள் போகும் பாதைக்கு முன்னால் டிஸ்க் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஃபேசட் என்ற சிறு மூட்டுகள், பின்னால் மஞ்சள் நிறத் தசைநார். வயதாக ஆக டிஸ்க் உயரம் குறைந்து பிதுங்கும், ஃபேசட் மூட்டு தேய்ந்து தடிக்கும், தசைநார் பருத்து உள்ளே மடியும். நிமிர்ந்து நிற்கும்போது அந்த மடிப்பு இன்னும் உள்ளே தள்ளும். குனிந்தால் தசைநார் இழுபட்டுப் பாதை கொஞ்சம் அகலமாகும். அம்மாவுக்கு நாற்று நடும்போது வலிக்காமல் வரப்பில் நடக்கும்போது வலிப்பது இதனால்தான். தள்ளுவண்டியில் சாய்ந்து தள்ளிக்கொண்டு போகும்வரை தாங்குகிறது, வெறுங்கையோடு திரும்பும்போது முடியவில்லை என்று வியாபாரிகள் சொல்வதும் இதையேதான்.

நெரிசலை எடுப்பதை டீகம்ப்ரஷன் என்பார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, வயிறு அமுங்காமல் தொங்கும்படி மெத்தைச் சட்டத்தில் வைப்பார்கள். வயிறு அமுங்கினால் முதுகு நரம்புப் பாதையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் வீங்கி ரத்தக்கசிவு கூடும். எக்ஸ்ரே கருவியை வைத்துச் சரியான மட்டத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு மேல் எலும்பின் லேமினா என்ற பின்பக்கத் தகட்டின் அடிப்பகுதியையும் கீழ் எலும்பின் மேல்விளிம்பையும் சிறு டிரில்லால் குறைத்து, தடித்த தசைநாரை முழுதாக எடுத்து, ஃபேசட் மூட்டின் உள்பக்கத்தை அடியிலிருந்து செதுக்குவார்கள். நரம்புப் பையின் இரண்டு ஓரமும் தெரிந்து, அது தளர்ந்து துடிக்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு பக்கமும் ஃபேசட் மூட்டில் குறைந்தது பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும். அதைக் கூடுதலாக வெட்டிவிட்டால் பின்னாளில் எலும்பு நகரும். அந்த நிலையில் ஸ்க்ரூ தேவைப்படலாம்.

இனி ஸ்க்ரூ. எலும்பு நகர்ந்திருப்பதை லிஸ்தெசிஸ் என்கிறோம். நகர்வு கீழ் எலும்பின் முன்பின் அகலத்தில் 25 சதவீதத்துக்குள் இருந்தால் அது முதல் கிரேடு. அம்மாவின் 5 மி.மீ. அதில்தான் அடங்கும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைவிட இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். எம்.ஆர்.ஐ. படுத்தபடி எடுப்பதால் அதில் இது தெரியாமல் போகலாம். நின்றபடி ஒன்று, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று என எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். குனிந்ததற்கும் வளைந்ததற்கும் இடையே 3 முதல் 4 மி.மீ.க்கு மேல் அசைந்தாலோ, கோணம் 10 டிகிரிக்கு மேல் மாறினாலோ அந்த மூட்டு ஆடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். இந்த எக்ஸ்ரே இல்லாமல் ஸ்க்ரூ வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ யார் சொன்னாலும் அது பாதி பதில்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஸ்வீடனில் 247 பேரை வைத்து நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், டீகம்ப்ரஷனோடு ஸ்க்ரூவும் வைத்தவர்கள் இரண்டு ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ கூடுதலாக எதையும் பெறவில்லை. நகர்வு இருந்தவர்களுக்கும் அதே முடிவுதான். அதே ஆண்டு அமெரிக்காவில் முதல் கிரேடு நகர்வு உள்ள 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஸ்க்ரூ வைத்தவர்களின் உடல்நிலை மதிப்பெண் சற்று கூடுதலாக முன்னேறியது. நான்கு ஆண்டுக்குள் மறு அறுவை சிகிச்சை ஸ்க்ரூ வைத்தவர்களில் 14 சதவீதம், வைக்காதவர்களில் 34 சதவீதம். 2021இல் நார்வே 267 பேரை வைத்துச் செய்த ஆய்வு இந்த விவாதத்தைப் பெரும்பாலும் தீர்த்து வைத்தது. இரண்டு ஆண்டில் குறிப்பிடும்படி முன்னேறியவர்கள் டீகம்ப்ரஷன் மட்டும் செய்தவர்களில் 71.4 சதவீதம், ஸ்க்ரூவும் வைத்தவர்களில் 72.9 சதவீதம். மறு அறுவை சிகிச்சை முறையே 12.5 சதவீதம், 9.1 சதவீதம். அதாவது ஸ்க்ரூ வைத்தவர்களுக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி ஸ்க்ரூ இல்லாமலும் கிடைத்திருக்கும்.

அதனால் எங்கள் கருத்து இது. அம்மாவுக்குக் கால்வலிதான் முதல் தொந்தரவாக இருந்து, எக்ஸ்ரேயில் ஆட்டம் இல்லையென்றால், டீகம்ப்ரஷன் மட்டும் செய்துகொள்வதே சரியான தொடக்கம். மூட்டு ஆடினாலோ, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தாலோ, நரம்பு வெளியேறும் பக்கத்துளை அடைபட்டு அதைத் திறக்க ஃபேசட்டை முழுதாக எடுக்க வேண்டியிருந்தாலோ, அதே இடத்தில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தாலோ ஸ்க்ரூ நியாயமானது. நின்றாலே இடுப்பு முறிவது போல வலித்து, படுத்தால் விட்டுப்போகிறது என்பவர்களுக்கும் ஸ்க்ரூவைப் பற்றி யோசிக்கலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதற்காக வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஸ்க்ரூவுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஆபரேஷன் நேரமும் ரத்த இழப்பும் கூடும். கட்டிய இரண்டு எலும்பும் ஒட்டிச் சேர 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஓர் ஆண்டுகூட ஆகும். எல்4–எல்5 அசையாமல் போனதும் அதன் பாரம் எல்3–எல்4க்கு ஏறும். சில ஆண்டுகளில் அங்கே சுருக்கம் வந்து மறுபடி வருபவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் வயதுப் பெண்களுக்கு எலும்பு அடர்த்தியைப் பார்க்காமல் ஸ்க்ரூ வைக்கவே கூடாது. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐ விடக் கீழே இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்து வெளியே வரும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் சில மாதம் டெரிபாரடைட் ஊசி போட்டு எலும்பைத் தேற்றுவதும், ஸ்க்ரூவைச் சுற்றிச் சிமென்ட் செலுத்துவதும் வழிகள். வைட்டமின் டி-யையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்க்ரூ வேண்டும் என்று சொன்ன டாக்டரிடம் போய், ‘எந்தக் காரணத்துக்காக’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். மேலே சொன்ன காரணங்களில் ஒன்றைப் படத்தில் தொட்டுக் காட்டினால் அவர் சொல்வது சரி.

எனக்கு வயது 58. ஜவுளிக்கடையில் வேலை. முப்பது வருடமாகப் பீடி பிடிக்கிறேன். விளக்குத்தூணிலிருந்து பத்துத் தூண் வரை நடப்பதற்குள் வலது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 சுருக்கம் என்று போட்டிருப்பதால் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள்.
- வாசகர், மதுரை

தேதி குறிப்பதற்கு முன் காலின் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள். நின்றபடியே இரண்டு நிமிடத்தில் வலி விட்டுப்போவது நரம்பு நெரிசலின் குணமில்லை. நரம்பு நெரிசல் உள்ளவர் நின்றால் வலி கூடும். அவர் உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். உங்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதிலும் பீடிப் பழக்கம் வேறு.

சைக்கிள் ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். நரம்பு நெரிசல் உள்ளவர் குனிந்து மிதித்தால் வலி வராது. ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு மிதித்தாலும் கெண்டைக்கால் பிடிக்கும். டாக்டரிடம் பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி துடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அடுத்தது டாப்ளர் ஸ்கேன்.

எம்.ஆர்.ஐ. சுருக்கம் காட்டியதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. எந்த வலியும் இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்து 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 21 சதவீதம் பேருக்கு இடுப்பில் சுருக்கம் இருந்தது. படமும் தொந்தரவும் பொருந்தினால்தான் அறுவை சிகிச்சை. இன்னொன்று, இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அப்போது முதலில் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வோம். பீடியை இன்றே விட்டுவிடுங்கள். பின்னாளில் ஸ்க்ரூ வைக்க நேர்ந்தாலும் புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது கடினம்.

அப்பாவுக்கு 70 வயது. திறந்து செய்யும் லேமினெக்டமி, குழாய் வழியாகச் செய்வது, இரண்டு துளை போட்டு எண்டோஸ்கோப்பியில் செய்வது என மூன்று வழி இருப்பதாகச் சொல்கிறார்கள். சின்னத் தையல் என்றால் நல்லதுதானே?
- வாசகர், திருமங்கலம்

தையல் எவ்வளவு என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உள்ளே நரம்பு இரண்டு பக்கமும் முழுதாக விடுபட்டதா என்பதே முதல் கணக்கு.

பழைய முழு லேமினெக்டமியில் நடு முள் எலும்பையும் லேமினாவையும் இரண்டு பக்கமும் எடுத்துவிடுவார்கள். ஒரு மட்டத்துக்கு 5 முதல் 7 செ.மீ. வெட்டு. தசையை இரண்டு பக்கமும் எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும். மூன்று நான்கு மட்டம் ஒரே சமயத்தில் அடைபட்டிருந்தால் இன்றும் இது நல்ல வழிதான். இப்போது பலர் செய்வது ஒரு பக்கமாக உள்ளே போய், முள் எலும்பின் அடிவழியாக மறுபக்கத்தையும் சுத்தம் செய்யும் முறை. அதையே 18 முதல் 22 மி.மீ. விட்டமுள்ள குழாயை வைத்து நுண்ணோக்கியில் பார்த்துச் செய்தால் குழாய் முறை. வெட்டு சுமார் இரண்டு செ.மீ. எண்டோஸ்கோப்பியில் இரண்டு துளை, ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.க்குள். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. உப்புநீர் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

திறந்து செய்யும் முறைகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022இல் வந்த நார்வே ஆய்வு காட்டியது. 437 பேருக்கு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கடப்பது, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறப்பது, முள் எலும்பைப் பிளந்து நுழைவது என மூன்று வழியில் செய்தார்கள். இரண்டு ஆண்டில் மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். எண்டோஸ்கோப்பி அந்த ஆய்வில் இல்லை. அதன் நன்மை முதல் சில வாரங்களில் தெரியும்: முதுகுத் தசை வலி குறைவு, ரத்தக்கசிவு குறைவு, தொடர்ந்து நீர் ஓடுவதால் கிருமித்தொற்றும் குறைவு. பருமனானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது உதவும்.

எங்கே தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தசைநார் நரம்புப் பையோடு ஒட்டிப்போயிருந்தால் பை கிழிந்து தண்டுவட நீர் கசியும். எந்த முறையிலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது நேரலாம். திறந்து செய்யும்போது அங்கேயே மெல்லிய நூலால் தைத்து, ஒன்றிரண்டு நாள் தட்டையாகப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்டோஸ்கோப்பியில் தைப்பது கடினம். சிறிய கிழிசலுக்கு ஒட்டுப்பட்டை வைப்பார்கள், பெரியதென்றால் திறந்துதான் ஆக வேண்டும். உப்புநீர் வெளியேறும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கண்விழித்ததும் கழுத்துவலி, தலைவலி வரும். கைப்பழக்கம் போதாத இடத்தில் அதிகம் நடப்பது வேறு: மறுபக்க நரம்பு சரியாக விடுபடாமல், இடது கால் சரியாகி வலது கால் அப்படியே இருப்பது.

அப்பாவுக்குச் செய்யப்போகும் டாக்டர் எந்த முறையை வாரந்தோறும் செய்கிறாரோ அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், நடுவில் திறக்க வேண்டி வந்தால் அதற்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

லேசரில் கரைத்துவிடலாம் என்று விளம்பரம் பார்த்தேன்.
- வாசகி, உசிலம்பட்டி

லேசர் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் ஜெல்லைக் கொஞ்சம் சுருக்கும். தடித்த தசைநாரையும் வளர்ந்த எலும்பையும் அது தொடாது. வயதானவர்களுக்கு வரும் சுருக்கத்துக்கு லேசரிலோ ஓசோன் ஊசியிலோ பணத்தைப் போடாதீர்கள்.

முள் எலும்புகளுக்கு நடுவில் ஸ்பேசர் என்று ஒன்றைச் செருகினால் போதும், எலும்பை வெட்டவே வேண்டாம் என்கிறார்களே?
- வாசகர், கே.கே. நகர், மதுரை

அது முதுகைக் கொஞ்சம் குனிந்த நிலையில் நிறுத்திப் பாதையை அகலப்படுத்தும். யோசனை நல்லதுதான், நிலைத்து நிற்பதில்லை. நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில் ஸ்பேசர் வைத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. டீகம்ப்ரஷன் செய்தவர்களில் 8 சதவீதம்தான். எலும்பு மெலிந்தவர்களுக்கு முள் எலும்பே முறியும். மிக வயதாகி, நீண்ட நேரம் மயக்கம் தாங்காத ஒருசிலருக்கு யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடுமா?
- வாசகி, சோழவந்தான்

முதல் கேள்விக்குப் பதில், கொஞ்ச நாளுக்கு. ஸ்டீராய்டு கலந்து போட்டாலும், மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டாலும் ஆறு வாரத்தில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2014இல் வந்த 400 பேர் ஆய்வு காட்டியது. ஒரு திருமணம், திருவிழா வரை தாக்குப்பிடிக்க ஊசி உதவலாம். வருடத்தில் அடிக்கடி போட்டுக்கொண்டே இருப்பது நல்லதில்லை. சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கு, பெரும்பாலானவர்களுக்கு இது மெல்ல நகரும் நோய். பல ஆண்டு அதே அளவில் நிற்பவர்கள் நிறையப் பேர். எழுந்து நடமாட முடிகிற வரை பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கலாம்: மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மார்புக்கு இழுப்பது, வயிற்றுத் தசைப் பயிற்சி, சைக்கிள். பின்னால் வளையும் ஆசனங்களை விட்டுவிடுங்கள். கணுக்கால் தொங்கிச் செருப்பு நழுவ ஆரம்பித்தாலோ, தசை இளைத்தாலோ காத்திருக்கக் கூடாது.

முதுகில் கத்தி பட்டால் படுத்த படுக்கைதான் என்று எங்கள் ஊரில் பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், அலங்காநல்லூர்

தண்டுவடம் பெரும்பாலானவர்களுக்கு எல்1, எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்பு இழைகள்தான். எல்4–எல்5இல் செய்யும்போது இரண்டு காலும் செயலிழப்பது மிக அரிது. ஒரு நரம்பு பாதிக்கப்பட்டுக் கணுக்கால் பலவீனமாவது நடக்கலாம், அதுவும் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் 24 மணி நேரத்தில் உள்ளே ரத்தம் தேங்கி நரம்பை அழுத்துவதைத்தான் நாங்கள் கூர்ந்து பார்ப்போம். காலை அசைக்கச் சொல்லி நர்ஸ் மணிக்கொருமுறை வந்து கேட்பது அதற்காகத்தான். தூக்கத்தைக் கலைக்கிறார்கள் என்று சொல்லி வேண்டாம் என்று மறுக்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஆபரேஷன் செய்யாமல் வரும் ஒரு நிலைக்கு. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலத்துவாரத்தைச் சுற்றியும் தொடை உள்பக்கமும் மரத்துப்போவது, இரண்டு காலும் சட்டென்று தளர்வது ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்று இரவே 108 ஆம்புலன்ஸில் ஏறிப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பனகல் சாலை அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். நாட்டு வைத்தியருக்கோ எண்ணெய்த் தடவலுக்கோ இடையில் நேரம் போகக் கூடாது. நேரம் தாழ்ந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

எனக்குச் சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட் இரண்டும் உண்டு. மாத்திரைகளை எப்போது நிறுத்துவது?
- வாசகர், அண்ணா நகர், மதுரை

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமாவது, முடிந்தால் ஓர் ஆண்டு ஆன பிறகே இதுபோன்ற அவசரமில்லாத ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும். அதற்குள் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தக்கட்டி விழலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால் குளோபிடோக்ரலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவோம். ஆஸ்பிரினைத் தொடரலாமா என்பதை இதய டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். இருவர் கையெழுத்தும் உள்ள சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-க்குள் வந்தபின் செய்வது நல்லது. ஸ்க்ரூ வைப்பதாக இருந்தால் இது இன்னும் கண்டிப்பு, உலோகத்தில் தொற்று ஏறினால் எடுப்பது பெரும்பாடு. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சாப்பிடாமல் இருக்கும்போது இவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டுவதால் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பாதத்தில் எப்போதும் எரிச்சல் இருந்தால் அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம், இந்த ஆபரேஷனில் போகாது. கைவிரலில் பொத்தான் போடுவது தடுமாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள். கழுத்திலும் சுருக்கம் இருக்கலாம், அப்போது கழுத்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் தரையில் உட்காரலாம்? குடம் தூக்கலாமா? வண்டி?
- வாசகி, வாடிப்பட்டி

டீகம்ப்ரஷன் மட்டும் என்றால் அன்று மாலையோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவோம். ரத்தம் வடிய வைத்த குழாயை 24 முதல் 48 மணி நேரத்தில் எடுப்பார்கள். மூன்று நாளுக்குள் வீடு. ஸ்க்ரூ என்றால் நான்கைந்து நாள். தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கும் வரை அந்த இடம் நனையக் கூடாது.

கட்டிலிலிருந்து எழும்போது மல்லாந்தபடி நேராக நிமிராதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். முதல் நாளிலிருந்து வீட்டுக்குள் அரைமணிக்கு ஒரு நடை. வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். முதல் மாதம் பஸ் பயணம் வேண்டாம், போயே ஆக வேண்டுமென்றால் கடைசி இருக்கையில் உட்காராதீர்கள். பள்ளத்தில் அங்கேதான் தூக்கிப் போடும். தரையில் உட்காருவதும் நாட்டுக் கழிப்பறையும் டீகம்ப்ரஷனுக்கு 6 வாரம், ஸ்க்ரூவுக்கு 3 மாதம் கழித்து. அதுவரை உயரமான நாற்காலிக் கழிப்பறை. வண்டி ஓட்டுவதும் அதே கணக்கு. பின்னால் உட்கார்ந்து போவதும் குலுங்கும் சாலையில் ஆகாது.

ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 12 முதல் 15 கிலோ, இடுப்பில் வைத்தால் பாரம் ஒருபக்கமாக விழும். யாராவது ஒரு ஆளை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் டீகம்ப்ரஷனுக்குத் தேவையில்லை; ஸ்க்ரூ வைத்தவர்களுக்குச் சில டாக்டர்கள் ஆறு வாரம் தருவார்கள். அதற்கு மேல் கட்டினால் தசைதான் வலுவிழக்கும்.

கால்வலி பெரும்பாலும் முதல் நாளே குறையும். மரத்துப்போனது திரும்ப மாதக் கணக்காகும், பலவீனம் தேற ஓர் ஆண்டுவரை ஆகலாம். நீண்ட நாள் நசுங்கியிருந்த நரம்பில் சிறிது மதமதப்பு நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. இடுப்புவலி எல்லோருக்கும் போகும் என்று எந்த டாக்டரும் உறுதி தர முடியாது. காய்ச்சல், தையலில் கசிவு, நிமிர்ந்ததும் தலை பிளப்பது போன்ற வலி, கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள்.

கூலி வேலை பார்க்கிறோம். காப்பீட்டு அட்டையில் இதைச் செய்ய முடியுமா?
- வாசகர், பேரையூர்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதியுங்கள். ஆபரேஷனுக்கு முன் அனுமதி வர வேண்டும். அதனால் நாள் குறிக்கும்போதே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் எம்.ஆர்.ஐ. படங்களையும் எக்ஸ்ரேக்களையும் கொடுத்துவிடுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் இந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் பதிந்திருக்கிறதா, ஸ்க்ரூவுக்கும் கேஜுக்கும் தனியாகப் பணம் கேட்பார்களா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போனால் பழைய படங்கள் அனைத்தையும் ரிப்போர்ட்டோடு ஃபிலிமாகவோ சி.டி.யாகவோ எடுத்துச் செல்லுங்கள். காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் மறுபடி ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டி வரும்.

ஸ்க்ரூ வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
- வாசகர், திருப்பரங்குன்றம்

எடுக்கலாம். இப்போது வைப்பவை பெரும்பாலும் டைட்டானியம், காந்தம் இழுக்காது. ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் படம் சற்று மங்கலாக வரும். எந்த உலோகம், எந்த நாளில் வைத்தது என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அதைக் காட்டுங்கள்.